கருகல் வந்த நெல்லுக்கு ‘எதிர்ப்புசக்தி டானிக்’ விற்கிறார்கள், வாங்காதீர்கள்

டெல்டாவில் சம்பா நட்டிருக்கும் எல்லோரும் இதைப் படித்துவிடுங்கள். ஐப்பசி மழையும் காற்றும் ஓய்ந்த பிறகு என் பிபிடி ரக நெல் வயலில் இலை நுனி வெளுத்தது. அப்புறம் இரண்டு ஓரமும் அலை அலையாக மஞ்சளாகி, வைக்கோல் நிறத்தில் கீழே இறங்கியது. காலையில் இலைமேல் பால் போன்ற துளிகள் நிற்கும், வெயில் ஏறியதும் மஞ்சள் மணியாகக் காயும். இலையை வெட்டிக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் வைத்தேன். வெட்டுவாயிலிருந்து கலங்கலாக ஒழுகியது. பாக்டீரியா இலைக்கருகலேதான்.

மருந்துக்கடையில் இலையைக் காட்டினேன். “அண்ணே, இது பயிருக்குத் தடுப்பூசி மாதிரி. அடிச்சீங்கன்னா மூணே நாள்ல நோய் நின்னு பச்சை கட்டும்” என்று அரை லிட்டர் பாட்டிலை 850 ரூபாய்க்குக் கொடுத்தார். பச்சை கட்டியது உண்மை. கருகல் நிற்கவில்லை, பக்கத்து வயலுக்கும் போய்விட்டது. திரும்பப் போய்க் கேட்டால், “நீங்க லேட்டா அடிச்சிட்டீங்க” என்கிறார். கருகிய இலையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத்தானே விற்றார்?

பயிரின் எதிர்ப்புத் தன்மையைத் தூண்டலாம் என்பது பொய் இல்லை. சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியா அதைச் செய்கிறது. ஆனால் நோய்க்கு முன்பே கொடுக்க வேண்டும்: கிலோ விதைக்கு 10 கிராம், நடுவதற்கு முன் கரைசலில் நாற்றின் வேரை நனைப்பது. வேரில் அது குடியேறினால் பயிர் தன் தற்காப்பைத் தயாராக வைத்துக்கொள்ளும், கிருமி நுழையும்போது சீக்கிரம் எதிர்க்கும். கருகிப்போன இலையை எந்தத் தூண்டியும் மீட்காது. பச்சை கட்டினால் குணமாகிவிட்டது என்றும் நம்பாதீர்கள். தழைச்சத்து (நைட்ரஜன்) ஏறினாலே பச்சை வரும், இந்த நோய்க்கு அதுதான் தீனி.

பாட்டிலில் ‘உயிர் ஊக்கி’ (பயிர் வளர்ச்சியைத் தூண்டும் பொருள்) என்று மட்டும் போட்டிருக்கிறது. தொகுதி எண் இல்லை, தயாரிப்புத் தேதி இல்லை. பயிர் நோயைக் கட்டுப்படுத்தும் என்று விற்கும் மருந்துக்கு 1968 பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவு வேண்டும். உயிர் ஊக்கிகள் 2021 முதல் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் வருகின்றன. அவற்றை நோய் மருந்தாக விற்கக் கூடாது. பில் கேட்டதற்கு வந்ததும் வெறும் துண்டுச்சீட்டு.

வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் எழுத்துமூலம் புகார் கொடுத்திருக்கிறேன். இதுபோல வாங்கியவர்கள் மிச்சத்தைக் கொட்டிவிடாமல் பாட்டிலையும் சீட்டையும் பத்திரமாக வைத்துக்கொண்டு நீங்களும் புகார் கொடுங்கள். கருகல் தெரிகிற வயலில் இப்போதைக்கு யூரியாவை நிறுத்துங்கள், நிற்கிற தண்ணீரை வடியுங்கள். அந்தத் தண்ணீர் மட்டும் அடுத்தவர் வயலுக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.