கம்போடியாவில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கும் ட்ரிப்: 1,89,000 ரூபாய் போச்சு, பிள்ளைகளை அனுப்பும் முன் படிங்க

ஒன்றரை மாசமா நடையா நடந்தேன். "ரீஃபண்டுக்கு வாய்ப்பே இல்ல மேடம்"னு நேத்து கடைசியா பதில் வந்துச்சு. ராத்திரி முழுக்கத் தூங்கல. விடிஞ்சதும் இதை எழுதறேன்.

ஸ்கூல் பிள்ளைங்களை வெளிநாட்டுக்குச் "சேவைப் பயணம்" கூட்டிட்டுப் போற சென்னை ஏஜென்சி ஒண்ணு. பேர் போட வேண்டாம்னு வக்கீல் சொல்லியிருக்கார். போன டிசம்பர்ல எங்க பொண்ணு ஸ்கூல் ஆடிட்டோரியத்துல கூட்டம் போட்டாங்க. கம்போடியாவுல சியெம் ரீப்ங்கிற ஊருக்குப் பக்கத்துக் கிராமத்துல ஒரு அரசுத் தொடக்கப் பள்ளி, 9 நாள், 30 மணி நேரம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கணும், பயிற்சி பெற்ற டீச்சர் ஒருத்தர் கூடவே இருப்பார்னு சொன்னாங்க. திரையில ஓலைக் கூரை, செருப்பில்லாத குழந்தைங்க. என் பக்கத்துல உட்கார்ந்திருந்தது அவளோட கிளாஸ் டீச்சர். மேடையில பேசின அம்மா கீழே இறங்கி வந்து என் கையைப் பிடிச்சு, "அக்கா, உங்க பொண்ணு இனிமே என் பொண்ணு"ன்னாங்க. அந்தக் கையை நான் நம்பினேன். வேற எதையும் நான் சரிபார்க்கல. ஸ்கூலே கூட்டி வெச்சுப் பேசுறப்போ யாருக்குச் சந்தேகம் வரும்?

1,80,000 ரூபாய், அதுக்கு மேல டிசிஎஸ் (வெளிநாட்டுப் பயணத்துக்குப் பணம் கட்டும்போதே வாங்கி நம்ம பேர்ல அரசுக்குக் கட்டுற வருமான வரி) 5 சதவீதம்னு 9,000. மொத்தம் 1,89,000. ரெண்டு வளையலை அடகு வெச்சேன். ஜிபேல ஒரு நாளைக்கு ஒரு லட்சத்துக்கு மேல போகாதுன்னு ரெண்டு நாளாப் பிரிச்சு அனுப்பினேன். பணம் போனது ஒரு தனி ஆளோட சேமிப்புக் கணக்குக்கு. அப்பவே நான் நிறுத்தியிருக்கணும்.

ஏப்ரல் 11 கிளம்பினாங்க. 14ஆம் தேதி, நம்ம தமிழ்ப் புத்தாண்டு. மாங்காய்ப் பச்சடி கிளறிக்கிட்டு இருக்கேன், வீடியோ கால் வருது. "அம்மா, ஸ்கூல் பூட்டியிருக்கும்மா." அங்கேயும் அன்னைக்குத்தான் புத்தாண்டு. இந்த வருஷம் 14, 15, 16 மூணு நாளும் நாடு முழுக்க விடுமுறை. நகரத்துல வேலை பார்க்கிறவங்க எல்லாரும் சொந்த ஊருக்குக் கிளம்பிடுவாங்க. நம்ம வருஷப் பிறப்பும் அவங்களுதும் சித்திரையில ஒண்ணாத்தான் வருது. வருஷா வருஷம் ட்ரிப் நடத்துறோம்னு சொன்னவங்களுக்கு இது தெரியாதா?

ஸ்கூலுக்குப் பதிலா ஒரு குழந்தைகள் காப்பகத்துக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க. பயிற்சி பெற்ற டீச்சர்னு யாருமே வரல. என் பொண்ணு போர்டுல ஏ, பி, சி எழுத ஆரம்பிச்சதும் குழந்தைங்க கடைசி எழுத்து வரைக்கும் கோரஸா ஒப்பிச்சு முடிச்சிட்டாங்களாம். முந்தின குழுவும் அதையேதான் சொல்லிக்கொடுத்திருக்கு, அதுக்கு முந்தினதும் அதையேதான். எட்டு வயசு இருக்கும், ஒரு பையன் வாசலையே பார்த்துக்கிட்டு இருந்திருக்கான். டுக்-டுக் ஓட்டுற அண்ணன்கிட்ட கேட்டப்போ அவர் பேசிப் பார்த்துச் சொல்லியிருக்கார்: இவனுக்கு அம்மா இருக்காங்க, ரெண்டு மணி நேரத் தூரத்துல. புத்தாண்டுக்கு ஊருக்குப் போகணும்னு அழுதிருக்கான். விருந்தாளிங்க வர்றாங்க, இருக்கணும்னு நிறுத்தி வெச்சிருக்காங்க.

அந்த விருந்தாளி என் பொண்ணு. நான் வளையலை வெச்சு அனுப்பின பணத்துக்காக ஒரு பிள்ளை பண்டிகை நாள்ல அம்மாகிட்ட போகாம உட்கார்ந்திருக்கான். 1,89,000 போனதைவிட இதுதான் வயித்தைப் பிசையுது.

அப்புறம்தான் தேடிப் படிச்சேன். அங்கே காப்பகங்கள்ல இருக்கிற பெரும்பாலான குழந்தைங்களுக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோட இருக்காங்களாம். "குழந்தைகள் சுற்றுலாக் காட்சிப் பொருள் இல்லை"ன்னு 2011லயே யுனிசெஃப் ஆதரவோட பெரிய பிரசாரமே நடந்திருக்கு. பணம் கட்டுறதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி உட்கார்ந்து தேடியிருந்தா கிடைச்சிருக்கும்.

மிச்ச நாள் எல்லாம் ஊர் சுத்தல். "எல்லாம் அடக்கம்"னு சொல்லிட்டு அங்கோர் வாட் கோயில் டிக்கெட்டுக்கு 37 டாலர் பிள்ளைங்க கையிலயே வாங்கியிருக்காங்க. கடைசி நாள் "30 மணி நேரம் கற்பித்தார்"னு சர்டிஃபிகேட். பாடம் நடத்தினது மொத்தம் நாலு மணி நேரம் கூட இல்ல. "இதை நான் எந்த காலேஜுக்கும் காட்ட மாட்டேன்மா"ன்னு என் பொண்ணு அலமாரிக்கு அடியில போட்டுட்டா.

திரும்பி வந்ததும் ஏஜென்சிக்குப் போன் பண்ணேன். "கம்போடியா டீம்கிட்ட கேட்டுச் சொல்றோம்." பத்து நாள் கழிச்சு, "அது எங்க கட்டுப்பாட்டுல இல்லாத இயற்கைக் காரணம், ஒப்பந்தத்துல இருக்கு." புத்தாண்டு என்ன புயலா, வெள்ளமா? காலண்டர்ல அச்சடிச்ச தேதி! ஸ்கூலுக்குப் போனேன். "நாங்க அறிமுகம் மட்டும்தான் செஞ்சோம்"னு பிரின்ஸ்பால். கையைப் பிடிச்ச அந்த அம்மா இப்போ போனே எடுக்கறதில்ல. வாட்ஸ்அப் குரூப்ல கேட்டேன், அஞ்சே நிமிஷத்துல என்னைத் தூக்கிட்டாங்க. அடுத்த ட்ரிப்ல தங்கச்சியை அனுப்பினா 10 சதவீதம் கழிவு தர்றாங்களாம். நேத்து 26ஏஎஸ் (நம்ம பேர்ல கட்டியிருக்கிற வரியைக் காட்டுற வருமான வரித் துறைப் பட்டியல்) எடுத்துப் பார்த்தா, வரின்னு வாங்கின 9,000 என் பேர்ல கட்டவே இல்ல.

என்னென்ன பார்க்கணும்னு விவரமா எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போ முடியல. அவசரத்துக்கு இது: போற நாட்டோட விடுமுறைப் பட்டியலைப் பாருங்க. பள்ளிக்கூடத்தோட பேரை எழுத்துல வாங்கி நீங்களே பேசுங்க. தனி ஆள் கணக்குக்குப் பணம் போடாதீங்க. காப்பகம்னு சொன்னா அனுப்பாதீங்க. ஏமாந்திருந்தா நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, நான் மனு தயார் பண்ணிட்டு இருக்கேன்.

அடுத்த ஏப்ரலுக்கு அதே ட்ரிப், அதே தேதிகள், புது போஸ்டர் சுத்துது. அதுல அந்தப் பையன் பக்கத்துல என் பொண்ணு நிக்கிற போட்டோ. எடுங்கன்னு மூணு தடவை மெசேஜ் போட்டுட்டேன். ப்ளூ டிக் வருது, பதில் வரல.