ஒரு டிஸ்க் போன அன்று: இசட்எஃப்எஸ்ஸா, பிடிஆர்எஃப்எஸ்ஸா?

இசட்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் இரண்டும் டிஸ்க்கில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கிற கோப்பு முறைமைகள் (ஃபைல் சிஸ்டம்), ஒரே தரவை இரண்டு டிஸ்க்கில் வைக்க இரண்டாலும் முடியும். எங்கள் கிளிநொச்சிக் கடைக் கணினியில் இருப்பது பெரும்பாலும் சனம் ஸ்கேன் பண்ணத் தந்த படங்கள். 2009இல் இடம்பெயர்ந்து ஓடும்போது பொலித்தீனில் சுற்றிக் கொண்டுவந்த ஒற்றைக் கல்யாணப் படம்கூட அதில் உண்டு. ஒரு டிஸ்க் போனால் கொழும்பிலிருந்து புதியது வந்துசேர நாலைந்து நாள் ஆகிவிடுகிறது, அதனால் நான் பார்ப்பது வேகத்தை அல்ல, மிச்சமிருக்கிற ஒற்றை டிஸ்க்கோடு அந்த நாலைந்து நாளும் எப்படிப் போகும் என்பதைத்தான்.

இசட்எஃப்எஸ் மிரரில், அதாவது ஒரே தரவை இரண்டு டிஸ்க்கிலும் வைக்கிற அமைப்பில், ஒரு டிஸ்க் போனாலும் பூல் (டிஸ்க்குகளைச் சேர்த்த மொத்தச் சேமிப்பிடம்) தானாகவே எழும்பும். நிலை 'டிகிரேடட்' (குறைபாட்டோடு ஓடுகிறது) என்று காட்டும், அவ்வளவுதான். கேபிள் தளர்ந்து விலகிய டிஸ்க் திரும்பி வந்தால் அது தவறவிட்டதை மட்டும் எழுதிச் சரிசெய்துகொள்ளும். ஆனால் இடம் போதவில்லை என்று மிரருக்குப் பக்கத்தில் தனி டிஸ்க் ஒன்றைப் பூலில் சேர்த்துவிடாதீர்கள், அந்த ஒன்று போனால் முழுப் பூலும் போச்சு.

பிடிஆர்எஃப்எஸ்ஸில் இதே இரட்டைப் பிரதி முறையான ரெயிட்1 நேர்மாறு. ஒரு டிஸ்க்கைக் காணவில்லை என்றால் மவுண்ட் ஆக (பாவனைக்குத் திறக்க) மறுக்கும், 'டிகிரேடட்' என்ற தெரிவை நாமே எழுதிக் கொடுக்கவேண்டும். தொந்தரவாக இருக்கிறதென்று அதை எஃப்எஸ்டேப்பில் (கணினி எழும்பும்போது எதை மவுண்ட் பண்ணுவது என்ற பட்டியல் கோப்பில்) நிரந்தரமாகப் போடுகிறார்கள், அது ஆபத்து: மெதுவாக எழும்புகிற டிஸ்க்கை விட்டுவிட்டு மற்றதில் எழுதத் தொடங்கும், இரண்டும் வெவ்வேறு பாதையில் போய்விடும். இரண்டே டிஸ்க் என்றால் ஒன்று இல்லாத நாட்களில் எழுதியதெல்லாம் ஒற்றைப் பிரதியாகவே நிற்கும். பழுதானதற்குப் பதிலாகப் புது டிஸ்க்கை 'ரிப்ளேஸ்' பண்ணினால் மட்டும் போதாது, அப்படி எழுதியவற்றை 'பேலன்ஸ்' (தரவை மீண்டும் பங்கிட்டு எழுதும் கட்டளை) மூலம் ரெயிட்1 ஆக மாற்றவும் வேண்டும். லினக்ஸ் கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) 4.14க்கு முந்தையதில் நிலைமை இன்னும் மோசம், ஒருமுறை அப்படி எழுதியபின் அடுத்தமுறை வாசிக்க மட்டுமே விடும்.

ஆனாலும் ஒன்று சொல்லவேண்டும், கையில் கிடைத்த 4, 2, 2 டிபி டிஸ்க்குகளைச் சேர்த்து 4 டிபி முழுதையும் இரட்டைப் பிரதியோடு தருவது பிடிஆர்எஃப்எஸ்தான். வீட்டில் அதைத்தான் வைத்திருக்கிறேன்.

லினக்ஸில் டிஸ்க்குகளை இணைக்கிற எம்டி ரெயிட்மேல் எக்ஸ்ட்4 என்ற வழக்கமான கோப்பு முறைமையைப் போட்டாலும் ஒரு டிஸ்க்கோடு ஓடும், ஆனால் இரண்டு பிரதியும் வேறுபட்டால் எது சரியென்று அதற்குத் தெரியாது. படங்களுக்கு எனக்கு அது வேண்டாம்.

கடைக்கு இசட்எஃப்எஸ் மிரர். டிஸ்க் வாங்க நான் கொழும்புக்குப் போயிருக்கும்போது கடையைத் திறக்கிற தம்பி கணினியை எழுப்ப ஒரு கட்டளையும் அடிக்கத் தேவையில்லை, சுவிட்சைப் போட்டால் படங்கள் வரும். காலையில் மட்டும் 'இசட்பூல் ஸ்டேட்டஸ்' என்று அடித்துப் பூலின் நிலையைப் பார்த்து எனக்குச் சொல்லிவிடுவான்.