2.4 மீட்டர் ஸ்கோரைக் காற்றாலை: வாங்குவதா, செய்வதா?

மின் இணைப்பு எட்டாத தோட்டம் வைத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது இது: ஆன்லைனில் ‘12 வோல்ட், 400 வாட்’ என்று ஒட்டி வரும் ஐந்து இலைக் காற்றாலையை வாங்கலாமா, ஸ்காட்லாந்தின் ஸ்கோரைக் என்ற ஊரில் உருவான வகையைப் பட்டறையில் செய்துகொள்ளலாமா? இங்கே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம். எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். காற்று உள்ள இடமாக இருந்து, வெல்டிங் தெரிந்த ஆளும் கூட இருந்தால், செய்வதே நல்லது.

ஸ்டிக்கரில் உள்ள வாட்டை விட்டுவிடுங்கள். இறக்கை சுற்றும் வட்டத்தின் விட்டத்தை அளந்து பாருங்கள். கடை இயந்திரத்துக்குப் பெரும்பாலும் 1.2 மீட்டர் அளவில்தான் இருக்கும். நொடிக்கு 12.5 மீட்டர், அதாவது மணிக்கு 45 கி.மீ. வேகத்தில் காற்று அடித்தால் அது 400 வாட் கொடுக்கக்கூடும். அந்தக் காற்றில் குடை பிடிப்பதே கடினம். அதே இயந்திரம் நொடிக்கு 5 மீட்டர் காற்றில் 20, 25 வாட் கொடுத்தாலே பெரிது. காற்றின் வேகம் பாதியானால் அதிலிருந்து கிடைக்கும் சக்தி எட்டில் ஒன்றாகிவிடும், எந்த கம்பெனியாலும் இதை மாற்ற முடியாது. விட்டத்தை இரண்டு மடங்காக்கினால் வட்டத்தின் பரப்பு நான்கு மடங்காகும். ஆகவே 2.4 மீட்டர் இயந்திரம் அதே 5 மீட்டர் காற்றில் 90 வாட் அளவுக்கு வரும். சராசரிக் காற்று நொடிக்கு 4 மீட்டர் உள்ள இடத்தில் நாளுக்கு ஒன்றரை யூனிட், 5 மீட்டர் உள்ள இடத்தில் 3 யூனிட் என்று எதிர்பார்க்கலாம்.

ஸ்காட்லாந்தின் வடமேற்கில் ஸ்கோரைக் என்றொரு தீபகற்பம் இருக்கிறது. படகில் போக வேண்டும், இல்லையென்றால் மலைப்பாதையில் நடக்க வேண்டும். மின்கம்பி போகாத அந்த ஊரில் ஹியூ பிகாட் என்பவர் 1970களிலிருந்து காற்றாலை செய்துவருகிறார். தொடக்கத்தில் பழைய வேனின் பிரேக் டிரம்மை வைத்து ஜெனரேட்டர் செய்தார். நியோடிமியம் காந்தம் மலிவான பிறகு இப்போதுள்ள தட்டு வடிவத்துக்கு மாறினார். பிரான்சில் டிரிபாலியம் குழுவினர் இதைத்தான் கற்றுக்கொடுக்கிறார்கள். நம் பக்கத்தில் ஆரோவில்லில் ‘மின்வாயு’ பட்டறையும் இதே வகையைச் செய்திருக்கிறது. உடைந்தால் எந்தப் பாகத்தையும் உள்ளூரிலேயே திரும்பச் செய்துகொள்ளலாம் என்பதுதான் இந்த வடிவமைப்பின் முதல் பலம். கடை இயந்திரத்தில் ஒரு இலை உடைந்தால் அதே அச்சில் வார்த்த இலைக்காகக் காத்திருக்க வேண்டும், கம்பெனி இருந்தால்.

இனி ஜெனரேட்டர். 300 மி.மீ. விட்டம், 10 மி.மீ. கனத்தில் இரண்டு இரும்புத் தட்டுகள். ஒவ்வொன்றிலும் 46×30×10 மி.மீ. அளவில் 12 காந்தங்கள், வடக்கும் தெற்கும் மாறி மாறி. நடுவே 9 காயில்களை (கம்பிச் சுருள்களை) ரெசினில் வார்த்த, சுழலாமல் நிற்கும் ஸ்டேட்டர், ஏறத்தாழ 13 மி.மீ. கனம். ஸ்டேட்டரின் இரு பக்கமும் காந்தத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டராவது இடைவெளி வேண்டும். சுழலும் மையத்துக்குக் காயலான் கடையில் கிடைக்கும் காரின் பின்சக்கர ஹப் போதும், பேரிங்கை மட்டும் புதிதாகப் போடுங்கள். காயிலின் நடுவில் இரும்பு கிடையாது, அதனால் இயந்திரம் மெல்லிய காற்றிலும் தடையில்லாமல் கிளம்பும். கடை இயந்திரம் பலவற்றை விரலால் சுற்றினால் ‘டக் டக்’ என்று பிடித்துப் பிடித்து வரும். சிறு காற்றில் அது நின்றுகொண்டிருப்பதற்கு அதுவே பாதிக் காரணம்.

காந்தத் தட்டுகள் இரண்டையும் கையால் ஒன்றின்மேல் ஒன்று வைக்கப் போகாதீர்கள். விரல் எலும்பு நொறுங்கும். மூன்று நீண்ட திரெட் ராடுகளை (மரை வெட்டிய கம்பிகளை) போட்டு, நட்டைச் சமமாகத் திருகித் திருகி மெதுவாக இறக்க வேண்டும். காந்தம் ஒட்டும்போது மரத்தில் வெட்டிய அச்சு அவசியம். ஒவ்வொன்றையும் ஒட்டும் முன் இன்னொரு காந்தத்தைக் காட்டித் தள்ளுகிறதா இழுக்கிறதா என்று பார்த்து, பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள்.

ரெசின் ஊற்றுவதற்கு முன்னால் காயில் திசையைச் சரிபாருங்கள். ஊற்றிய பிறகு திருத்த வழியே இல்லை. ஒன்பது காயில்களும் மூன்று ஃபேசாகப் பிரியும், ஒரு ஃபேசில் மூன்று காயில்கள் தொடராக வரும். அதில் ஒன்று தலைகீழாக இணைந்துவிட்டால் அந்த ஃபேசில் மூன்றில் ஒரு பங்கு வோல்ட்டேஜ்தான் கிடைக்கும். ஸ்டேட்டரைத் தட்டுகளுக்கு நடுவே தற்காலிகமாக வைத்து, நொடிக்கு ஒரு சுற்று வீதம் கையால் சுற்றி மூன்று ஃபேசையும் ஏசி மீட்டரில் படியுங்கள். மூன்றும் ஒன்றுபோல வர வேண்டும். பிறகு இன்னொரு சோதனை: வயர்கள் எதையும் ஒன்றோடொன்று தொடவிடாமல் சுற்றினால் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். எந்த இரண்டு வயரைச் சேர்த்தாலும் பிடிக்க வேண்டும், மூன்றையும் சேர்த்தால் இறுகப் பிடிக்க வேண்டும். வயர் சேராமலே இறுக்கமாக இருந்தால் எங்கோ கம்பியின் எனாமல் பூச்சு உரிந்து சுற்றுக்குள் சுற்று ஷார்ட் ஆகியிருக்கிறது.

வோல்ட்டேஜில் தாராளமாக 48 எடுங்கள். 500 வாட்டுக்கு 12 வோல்ட்டில் 42 ஆம்பியர் ஓடும், 48 வோல்ட்டில் 10 ஆம்பியர்தான். அதே கேபிளில் இழப்பு பதினாறில் ஒன்றாகக் குறையும். ஏசியை டிசியாக்கும் டயோடு பிரிட்ஜில் ஒன்றரை வோல்ட் எப்படியும் போகிறது. 12-இல் அது பத்து சதவீதத்துக்கு மேல், 48-இல் கணக்கிலேயே வராது. 12 வோல்ட்டுக்கான காயிலோடு ஒப்பிட்டால் சுற்று நான்கு மடங்கு, கம்பியின் குறுக்குப் பரப்பு கால்வாசி. மெல்லிய கம்பி என்பதால் சுற்றுவதும் எளிது.

இறக்கைக்கு மூன்று பலகைகள், ஒவ்வொன்றும் 1.2 மீட்டர் நீளம், 125 மி.மீ. அகலம், 37 மி.மீ. கனம். கணு இல்லாத, நார் நேராக ஓடும் பலகையாகத் தேர்ந்தெடுங்கள். பேக்கிங் பெட்டிப் பைன் மரத்தில் கணு மலிந்திருக்கும், அதைத் தொடாதீர்கள். நல்ல காற்றில் இறக்கை நுனி மணிக்கு 200 கி.மீ.க்கு மேல் ஓடுகிறது. அந்த வேகத்தில் மணலும் மழைத்துளியும் முன்விளிம்பை அரித்துவிடும், அதனால் நுனிப் பகுதிக்கு டேப் ஒட்டியே ஏற்றுங்கள். மூன்றையும் பூட்டியபின் சமநிலை பார்க்காமல் விட்டால் முழுக் கம்பமும் அதிரும்.

பலரும் சறுக்குவது வாலில்தான். இறக்கையின் அச்சு, இயந்திரம் காற்றுப் பக்கம் திரும்ப உதவும் பைப்பின் நடுவிலிருந்து பத்துப் பன்னிரண்டு செ.மீ. விலகி இருக்கிறது. வால், சாய்வான கீலில் தொங்குகிறது. காற்று மிகும்போது இறக்கை ஒருபக்கம் ஒதுங்கும், வால் தன் எடைக்கு எதிராக மேலேறி மடங்கும். வால் கனமாகப் போனால் மடங்கத் தாமதமாகும், மின்னோட்டம் ஏறி ஸ்டேட்டர் உள்ளுக்குள்ளேயே வேகும். ரெசின் பழுப்பு நிறமாகி, கருகிய வாடை வந்தால் அதுதான். வால் லேசாகப் போனால் நல்ல காற்றிலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். முதலில் கொஞ்சம் லேசாகவே வைத்து, ஆம்பியர் மீட்டரைப் பார்த்து எடை கூட்டுவது பாதுகாப்பு. கடை இயந்திரம் பலவற்றில் இந்த ஏற்பாடே கிடையாது. ஆடிக் காற்றில் எலக்ட்ரானிக் பிரேக்கை மட்டும் நம்பியிருக்க வேண்டும்.

காற்று ஏறியும் உற்பத்தி ஏறவில்லை, இறக்கை சோம்பலாகச் சுற்றுகிறது என்றால் ஜெனரேட்டர் அதை இழுத்துப் பிடிக்கிறது என்று பொருள். திரெட் ராடில் வாஷர் சேர்த்துத் தட்டுகளை ஓரிரு மில்லிமீட்டர் விலக்கினால் இறக்கை வேகமெடுக்கும்.

இந்த வடிவமைப்பின் உண்மையான பலவீனம் துரு. நியோடிமியத்தின் நிக்கல் பூச்சுக்குள் ஈரம் நுழைந்தால் காந்தம் உப்பும், ரெசினைத் தூக்கும், ஒருநாள் ஸ்டேட்டரில் உரசும். கடற்கரைக் காற்றில் இது சீக்கிரமே வந்துவிடுகிறது. எபாக்ஸி பூச்சுள்ள காந்தம், கால்வனைஸ் செய்த தட்டு, பாலியெஸ்டருக்குப் பதில் வினைல் எஸ்டர் ரெசின் மூன்றும் செலவைக் கூட்டும். கூட்டியே ஆக வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை கீழே இறக்கி இடைவெளியைப் பார்க்காதவர்களுக்கு இந்த இயந்திரத்தை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

அதனால்தான் சாய்த்து இறக்கக்கூடிய கம்பம் வேண்டும் என்கிறோம். 60 மி.மீ. ஜிஐ பைப்பில் 12 மீட்டர், நான்கு திசையிலும் ஸ்டே கம்பி, அடியில் கீல். மொட்டைமாடி வேண்டாம். அங்கே காற்று சுழன்றடிக்கும், அதிர்வு சுவருக்குள் இறங்கும். சுற்று 150 மீட்டருக்குள் உள்ள மரம், கட்டடம் எதைவிடவும் 9 மீட்டர் உயரத்தில் இறக்கை இருக்க வேண்டும். தென்னந்தோப்பின் நடுவில் இந்தக் கணக்கு கட்டுப்படியாகாது, அங்கே சோலார் பேனலோடு நின்றுவிடுங்கள்.

சோலார் சார்ஜ் கன்ட்ரோலரை இதற்கு இணைத்தால் விபரீதம். பேட்டரி நிறைந்ததும் அது இணைப்பை அறுத்துவிடும், சுமை இல்லாத இறக்கை வெறிபிடித்தாற்போல் சுற்றும். உபரி மின்சாரத்தை ஹீட்டர் காயிலுக்குத் திருப்பிவிடும் டம்ப் லோடு கன்ட்ரோலர்தான் வேண்டும். லித்தியம் பேட்டரியைக் காக்கும் பிஎம்எஸ் சர்க்யூட்டும் திடீரென்று துண்டிக்கும், அதனால் டம்ப் லோடு அதற்கு முந்திய வோல்ட்டேஜிலேயே இயங்குமாறு அமையுங்கள். டயோடு பிரிட்ஜுக்கு முன்னால் மூன்று வயரையும் ஷார்ட் செய்யும் பிரேக் சுவிட்ச் ஒன்று. அதை மெல்லிய காற்றில் போடுங்கள், புயலுக்கு நடுவில் போட்டால் ஸ்டேட்டர் போய்விடும்.

ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காட்டுக் கணவாய்களின் வாய்ப்பகுதிகளில் மே முதல் செப்டம்பர் வரை இது பேனலையே மிஞ்சும். மற்ற மாதங்களுக்குப் பேனல் துணை வேண்டும். உள்மாவட்டச் சமவெளியில் இந்த உழைப்பு வீண்.

காந்தம் ஆர்டர் செய்யும்போது 24 போதுமே என்று நிறுத்தாமல் 26 வாங்குங்கள். மூலை உடைந்து வந்ததை ஒட்டாதீர்கள், துரு அந்த உடைப்பிலிருந்துதான் தொடங்கும்.