முக்கியெடுக்கும் மெழுகுவத்தி: தேன்மெழுகா, பாரஃபினா?

திரியை உருகிய மெழுகில் முக்கி, எடுத்து, ஆறவிட்டு, மறுபடி முக்கி, அடி பருத்து நுனி மெலிந்த மெழுகுவத்தியை வளர்த்தெடுப்பதற்குப் பொறுமையுள்ள கை வேண்டும். எந்த மெழுகு என்பதில்தான் முதல் தகராறு. சோயா மெழுகை உடனே தள்ளிவிடலாம். சுமார் 50 டிகிரியிலேயே உருகும் மென்மையான பொருள் அது. கண்ணாடிக் குவளையில் ஊற்றி வைக்கத்தான் லாயக்கு, தானாக நிமிர்ந்து நிற்காது.

மிச்சம் இரண்டு. தேன்மெழுகு 62 முதல் 65 டிகிரிக்குள் உருகும். முக்குவதற்கு 70-ஐ ஒட்டி வைத்துக்கொண்டால் போதும். பிசுபிசுப்பு அதிகம் என்பதால் ஒரு படலம் அடுத்ததை விடாமல் பிடித்துக்கொள்ளும், ஒவ்வொரு முக்கலிலும் தடிமனாகவே ஏறும். பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் பாரஃபின் மெழுகு அப்படியில்லை. நடுவில் வாசல் மணி அடித்ததென்று நான் எழுந்து போய்த் திரும்பியபோது, அதற்குள் நன்றாக ஆறிப்போன வத்தியின் மேல் புதுப் படலம் சரியாக ஒட்டவில்லை. பிறகு வெங்காயத்தோல் போல உரிந்து வந்தது. கதகதப்பு இருக்கும்போதே அடுத்த முக்கலைப் போட வேண்டும். வெறும் பாரஃபினை நம்பாமல் பத்தில் ஒரு பங்கு ஸ்டியரிக் அமிலம் கலந்தால் வத்தி கெட்டிப்படும், வெண்மையும் கூடும். மாட்டுக்கொழுப்பு வத்தியின் நாற்றத்திலிருந்து ஐரோப்பாவைக் காப்பாற்றியதில் இந்த அமிலத்துக்குப் பெரும் பங்கு உண்டு: கொழுப்பிலிருந்து இதைப் பிரித்து மெழுகுவத்தி செய்ய, செவ்ரல், கே-லுசாக் என்ற இரு பிரெஞ்சு வேதியியலாளர்கள் 1825-இல் காப்புரிமை பெற்றார்கள்.

தேன்மெழுகு கிலோ விலை பல மடங்கு அதிகம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் உண்மையான செலவு பாத்திரத்தில் ஒளிந்திருக்கிறது. 25 சென்டிமீட்டர் வத்திக்கு அதைவிட ஆழமான பாத்திரம் தேவை. 10 சென்டிமீட்டர் அகலமுள்ள டப்பாவில் 27 சென்டிமீட்டர் உயரத்துக்கு மெழுகு நிற்க வேண்டுமானால் ஏறக்குறைய இரண்டு கிலோ பிடிக்கும். அதில் ஒரு வத்தி எடுத்துக்கொள்வதோ 70 கிராம்தான்! பாரஃபினில் இந்த முடக்கம் வலிக்காது. தேன்மெழுகில் பர்ஸ் கிழியும். அகலத்தை 7 சென்டிமீட்டராகக் குறைத்தால் தேவை பாதியாகிவிடும், ஒற்றை வத்தியாக முக்கிக்கொள்ளலாம். இன்னொரு பழைய உபாயம், அடியில் சுடுநீர் ஊற்றி அதன்மேல் மெழுகை மிதக்கவிடுவது. திரி முதலில் தண்ணீர் படாமல் மெழுகில் நன்றாக ஊறியிருக்க வேண்டும். இல்லையென்றால் எரியும்போது படபடவென்று வெடிக்கும்.

எதுவானாலும் எவர்சில்வர் பாத்திரம் நல்லது. பித்தளையும் இரும்பும் தேன்மெழுகின் நிறத்தைக் கெடுத்துவிடும். டப்பாவை நேராக அடுப்பில் வைக்காமல் தண்ணீர் நிறைந்த குண்டானுக்குள் இறக்குங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், காற்று ஒரு பக்கமாக அடித்தால் வத்தி கோணும்.

திரியிலும் வேறுபாடு உண்டு. தேன்மெழுகுக்குச் சதுரப் பின்னல் திரி, அதுவும் சற்றுத் தடித்தது. பாரஃபினுக்குத் தட்டைப் பின்னல் போதும். வடிகட்டாத தேன்மெழுகில் எஞ்சிய தேனும் தூசியும் திரியை அடைத்துச் சுடரைச் சாகடிக்கும். தேன்மெழுகு வத்தி காற்றைச் சுத்தப்படுத்தும் என்று விற்பவர்கள் சொல்வதை நான் காதில் போட்டுக்கொள்வதில்லை. புகைக்குப் பெரும்பாலும் நீண்டுபோன திரியே காரணம். 5 மில்லிமீட்டருக்கு வெட்டிவிட்டால் பாரஃபினும் ஒழுங்காகவே எரியும். ஆனால் அணைந்த பிறகும் அறையில் நிற்கும் அந்த மெல்லிய தேன் வாசனைக்குப் பாரஃபினில் ஈடில்லை.

நம் ஊர் வெயிலில் கணக்கு கொஞ்சம் மாறுகிறது. 35 டிகிரியிலேயே தேன்மெழுகு கைக்கு வளையத் தொடங்கும். சுவாமிமலைச் சிற்பிகள் வார்ப்புக்கு மெழுகு உரு பிடிப்பது இந்தக் குணத்தை நம்பித்தான். சிற்பிக்கு வரம், நமக்குச் சாபம்: சித்திரை மாத மேசையில் ஒல்லியான தேன்மெழுகு வத்தி தலை குனிந்துவிடும். ஸ்டியரிக் சேர்த்த பாரஃபின் அதைவிட விறைப்பாக நிற்கும்.

ஆகவே பழகுவதற்கும் கோடைக்கும் பாரஃபின் கலவையைத்தான் சொல்வேன். மார்கழியில், கை தேறிய பிறகு, ஒல்லி டப்பாவில் ஒரு கிலோ தேன்மெழுகை உருக்குங்கள். மிஞ்சியதைத் தட்டில் ஊற்றி வில்லைகளாக எடுத்து வைத்தால் அடுத்த ஆண்டுக்கும் ஆகும். மேலே வெண்படலம் பூத்தால் பயப்படாதீர்கள், துணியால் துடைத்தால் போய்விடும்.