மேசைத் தொலைபேசிக்கு எந்தச் சுங்கக் குறியீடு: 8517 18-ஆ, 8517 62-ஆ?

மேசையில் இருக்கும் இரண்டு போன்களைக் கவிழ்த்துப் பாருங்கள். முதல் போனின் அடியில் குறுகலான துளை, உள்ளே இரண்டோ நான்கோ ஊசிகள். அது ஆர்ஜே-11, நம் வீட்டுச் சுவரிலிருந்து வரும் பழைய இரட்டைக் கம்பிக்கானது. இரண்டாவது போனில் அதைவிட அகலமான துளை, எட்டு ஊசிகள், பக்கத்தில் 'பிஓஇ 48 வோல்ட்' (அந்தக் கம்பியிலேயே மின்சாரமும் வரும் என்று அர்த்தம்) என்று பொடி எழுத்தில் ஒரு ஸ்டிக்கர். அது ஆர்ஜே-45, கணினி வலையமைப்பின் கம்பி. மேற்பக்கம் பார்த்தால் இரண்டிலும் பன்னிரண்டு பொத்தான்கள், சுருள் கம்பி, ரிசீவர். வாங்குகிறவருக்கு இரண்டுமே டெலிபோன். ஆனால் இறக்குமதிப் பொருளுக்கு எவ்வளவு வரி என்பதைத் தீர்மானிக்கும் குறியீட்டைச் சுங்கத்தில் எழுதும்போது இந்த இரண்டு துளைகளும் இரண்டு வேறு வாதங்களைக் கிளப்பும்.

சென்னை ரிச்சி தெருவில் கடை வைத்திருக்கும் ஒருவருக்கு இந்தக் குறியீடு போடும் வேலையைச் செய்து கொடுத்தபோது அவர் சொன்னது: "சார், எதுல வரி கம்மியோ அதுல போட்டுடுங்க." இறக்குமதி செய்கிற பலரும் முதலில் சொல்வது இதைத்தான். குறியீட்டைத் தேர்ந்தெடுப்பது நம் கையில் இருக்கிறது என்ற எண்ணம் அதில் இருக்கிறது. 2011-லிருந்து சுயமதிப்பீடு வந்துவிட்டதால் பில் ஆஃப் என்ட்ரி என்ற இறக்குமதிப் படிவத்தில் குறியீட்டை நாம்தான் போடுகிறோம், அதுவரை சரி. ஆனால் போட்டது தப்பென்றால் அதற்குப் பொறுப்பும் நம்முடையதுதான். அதனால் வரியை அப்புறம் பார்ப்போம். முதலில், ஒரே கருவிக்குப் போட்டியிடும் குறியீடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

சுங்கத் தலைப்பு 8517 பெரிய வீடு. தொலைபேசிகள், குரலையும் தரவையும் அனுப்பும், பெறும் கருவிகள், அவற்றின் பாகங்கள் எல்லாம் அதற்குள் வருகின்றன. 8517 11 என்பது கம்பியில்லா ரிசீவர் கொண்ட லைன் தொலைபேசி, அதாவது கார்ட்லெஸ். ஸ்மார்ட்போனுக்கு 13, மற்ற செல்போன்களுக்கு 14. இதிலெல்லாம் சேராத தொலைபேசி 18. அடுத்து 61 பேஸ் ஸ்டேஷன் (செல்போன் கோபுரக் கருவி), 62 குரலையும் தரவையும் பெற்று, மாற்றி, அனுப்பும் இயந்திரங்கள், 69 மற்றவை. 71-ம் 79-ம் ஆன்டெனாவும் பாகங்களும். 2007-க்கு முன் இந்த வீடு இப்படி இல்லை. அழைப்புகளை இணைத்துவிடும் கருவியான இணைப்பகத்துக்கு 8517 30 என்று தனி அறை இருந்தது. 2007 திருத்தத்தில் அது 62-க்குள் போனது, ஃபேக்ஸ் 8443-க்குக் குடிபெயர்ந்தது. பழைய கோப்பைப் பார்த்துக் குறியீடு எழுதுகிறவர்கள் இன்றும் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

கார்ட்லெஸ்ஸா, சாதாரண போனா என்பதில் பெரிய சண்டை இல்லை. தளம் சுவர்க் கம்பியில் இணைந்து, ரிசீவர் மட்டும் கம்பியில்லாமல் பேசினால் 11. ரிசீவருக்கும் சுருள் கம்பி இருந்தால் 18. இந்திய அட்டவணையில் இரண்டுக்கும் கீழே 'பொத்தான் வகை', 'மற்றவை' என்று இரண்டிரண்டு வரிகள் உண்டு.

ரிசீவரை மட்டும் உதிரியாக வரவழைத்தால் கதை மாறுகிறது. காதில் வைக்கும் அந்தக் கைப்பிடி தொலைபேசியின் பாகம்தானே, 8517 79-ல் போடலாமே என்று தோன்றும். ஆனால் அதற்குள் இருப்பது ஒரு ஒலிவாங்கியும் ஒரு சிறு ஒலிபெருக்கியும். தலைப்பு 8518-ல் அப்படிப்பட்ட பொருளுக்கே இடம் இருக்கிறது. சுங்க அட்டவணையின் பிரிவு 16-இன் குறிப்பு 2 சொல்வது இதுதான்: பாகமே ஆனாலும் தனக்கென ஒரு தலைப்பு இருந்தால் அது அங்கே போகும். அமெரிக்கச் சுங்க அட்டவணையில் 8518 30-இன் கீழ் லைன் தொலைபேசி ரிசீவருக்கென்றே தனி வரி இருக்கிறது. ஓட்டல் அறைகளுக்கு 200 ரிசீவர் மட்டும் மாற்றுகிறீர்கள் என்றால் 8518 30 என்றே போடுங்கள்.

இனி ஆர்ஜே-45 துளை கொண்ட ஐபி போன், அதாவது கணினி வலையமைப்பு வழியாகப் பேசும் போன். இதில்தான் உண்மையான போட்டி.

8517 18 பக்கம் நிற்கிறவர்களின் வாதம் சொற்களிலிருந்து வருகிறது. தலைப்பின் முதல் சொல்லே தொலைபேசி. 8517 6 என்ற குழு தொடங்குவதோ 'மற்றக் கருவிகள்' என்று. அந்த 'மற்ற' என்ற சொல்லுக்கு எடை இருக்கிறது. ஒரு பொருள் தொலைபேசி என்று ஆகிவிட்டால் அது மற்றக் கருவியாக முடியாது. ரிசீவர், பொத்தான், மணி எல்லாம் இருக்கிறது. மனிதர் எடுத்துப் பேசுகிறார். எந்தக் கம்பி வழியாகப் பேசினால் என்ன?

8517 62 பக்கத்து வாதம் வேலையிலிருந்து வருகிறது. பழைய போன் குரலை மின் அலையாகக் கம்பியில் விடுவதோடு சரி. ஐபி போனோ குரலை எண்களாக்கி, பொட்டலம் கட்டி, முகவரி எழுதி அனுப்புகிறது. பெற்று, மாற்றி, அனுப்புவது என்று 62 சொல்வதைத்தான் அது செய்கிறது. பல மாடல்களில் கணினிக்கு இணைப்புக் கொடுக்க இரண்டாவது துளையும் இருக்கும், உள்ளே ஒரு சிறு ஸ்விட்சே வேலை செய்கிறது. இதற்கெல்லாம் மேலாக அரசின் சொந்த அறிவிக்கையே இந்தப் பக்கம் சாய்கிறது. 57/2017 சுங்க அறிவிக்கையில் 8517 62 90, 8517 69 90 ஆகியவற்றுக்கு எதிரே 10% சலுகை வீதம் கொடுத்து, அதில் சேராதவை என்று ஒரு பட்டியலும் போட்டார்கள். அந்தப் பட்டியலில் 'விஓஐபி போன்கள்' (VoIP, அதாவது ஐபி போன்கள்), அவற்றோடு வேலை செய்யும் 'மீடியா கேட்வே, கேட்வே கன்ட்ரோலர், செஷன் பார்டர் கன்ட்ரோலர்' என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். அந்தக் குறியீடுகளில் வரும் பொருளைத்தானே அப்படி விலக்க முடியும்? இவற்றுக்கு 2014 ஜூலை பட்ஜெட்டில் 10% வரி வந்தது. 2018 அக்டோபரில் அது 20% ஆனது.

எனக்கு முதல் வாதமே வலுவாகப் படுகிறது. சலுகை அறிவிக்கை ஒரு பொருளுக்கான வீதத்தைச் சொல்லலாம், அந்தப் பொருள் எந்தத் தலைப்பில் வரும் என்பதை மாற்ற முடியாது. வகைப்பாட்டை முடிவு செய்வது தலைப்பின் சொற்களும், பிரிவு, அத்தியாயக் குறிப்புகளும், அட்டவணையை வாசிப்பதற்கான பொதுவிதிகளும்தான். ஆனால் கப்பல் வந்து நிற்கும்போது அப்ரைசர் (சரக்கை மதிப்பிடும் சுங்க அதிகாரி) கையில் இருப்பது அந்த அறிவிக்கை. பட்டியலில் பேர் போட்டிருக்கும் பொருளை 18-இல் போட்டால் கேள்வி வரும் என்று எதிர்பார்த்தே போட வேண்டும். மாடலின் கேட்டலாக், உள்ளே என்ன சிப், எத்தனை துளை, குரல் தவிர வேறென்ன செய்கிறது என்ற ஒரு பக்க விளக்கம், இவை முதல் நாளே கோப்பில் இருந்தால் பதில் சொல்லலாம். கேள்வி வந்த பிறகு வெளிநாட்டு விற்பனையாளருக்கு மெயில் போட்டுக் காத்திருந்தால் டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம்தான் ஏறும்.

இணைப்பகம், அதாவது நாம் இபிஏபிஎக்ஸ் என்று சொல்லும் பெட்டி, 62-இல் வருவதில் சந்தேகமில்லை. அங்கே போட்டி வேறு மாதிரி. பழைய வகைப் பெட்டி அந்தப் பட்டியலில் இல்லாததால் 10% சலுகை கேட்கலாம். ஐபி வகைப் பெட்டியை 'சாஃப்ட் ஸ்விட்ச் (மென்பொருளால் இயங்கும் இணைப்பகம்), விஓஐபி கருவி' என்று வாசித்து 20% கேட்பார்கள். இரண்டும் கலந்த ஹைப்ரிட் பெட்டிதான் இன்று சந்தையில் அதிகம். அதற்கு முதன்மை வேலை எது என்று பார்க்கச் சொல்கிறது பிரிவு 16 குறிப்பு 3. நூறு பழைய இணைப்புக்கும் எட்டு ஐபி இணைப்புக்கும் வசதி உள்ள பெட்டியின் முதன்மை வேலை என்ன என்பதை அந்த எண்களே சொல்லும். இன்வாய்ஸில் அதை எழுதச் சொல்லுங்கள். 'டெலிபோன் சிஸ்டம் வித் அக்ஸஸரீஸ்' என்ற ஒற்றை வரியைவிட இறக்குமதியாளருக்குக் கெடுதல் செய்யும் வரி வேறில்லை. என் கடைக்காரரின் இன்வாய்ஸில் இருந்ததும் அதே வரிதான். பெட்டி, போன், கார்டு, கம்பி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே விலை. அதைப் பிரித்து எழுதி வாங்குவதற்குள் ஒன்பது நாள் ஓடிவிட்டது.

கார்டுகள் விஷயம் கொஞ்சம் நுணுக்கமானது. பெட்டியோடு ஒரே சரக்கில் அதற்குரிய லைன் கார்டுகள் (தொலைபேசி இணைப்புகளுக்காகப் பெட்டிக்குள் செருகும் பலகைகள்) வந்தால், பிரித்து அடுக்கியிருந்தாலும் அது முழுப் பெட்டியே. பொதுவிதி 2(அ) அப்படித்தான் சொல்கிறது. ஆறு மாதம் கழித்து உதிரியாக இரண்டு கார்டு வந்தால் 8517 79 10, உதிரிகள் பொருத்திய சர்க்யூட் பலகை. ஆனால் ஒரு கார்டு தானே முழுதாக ஒரு வேலையைச் செய்கிறதென்றால் அது பாகமில்லை, தனிக் கருவி, 62-க்கே போக வேண்டும் என்று சுங்கத் துறை வாதிடலாம். ஃபைபர் கம்பியைச் செருகும் எஸ்எஃப்பி என்ற விரலளவு உருப்படி பாகமா கருவியா என்ற வழக்கு தீர்ப்பாயம் வரை போயிருக்கிறது. ஐபி கார்டு வரவழைப்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

ரவுட்டரில் ஒரு விசித்திரம் இருக்கிறது. நாடுகளுக்குப் பொதுவான ஆறு இலக்க உலக அட்டவணையில் ஸ்விட்ச், ரவுட்டர் வகைக் கருவிகள் 62-இல் என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறது. எட்டு இலக்கம் வரை போகும் நம் இந்திய அட்டவணையோ 8517 69 30 என்று 69-இன் கீழ் 'ரவுட்டர்' என்று ஒரு வரி வைத்திருக்கிறது. ஆறு இலக்கத்தில் 62 என்று முடிவானால் எட்டு இலக்கத்துக்குப் போய் 69 30 கேட்க முடியாது. பொதுவிதி 6-இன்படி முதலில் ஆறு இலக்கம், அதற்குள்தான் அடுத்தது. பேர் பொருந்துகிறதே என்று 69 30-ஐப் பிடித்தவர்களுக்குத் துறை சொல்லும் பதில் இதுதான். அட்டவணையை எழுதியவர்கள் இதைத் திருத்த வேண்டும். இறக்குமதியாளர் தலையில் விழ வேண்டிய குழப்பம் இல்லை இது.

கம்பி, அடாப்டர்: சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இருமுனையிலும் பிளக் பொருத்திய கம்பி 8544 42. வெறும் கம்பிச் சுருள் 8544 49. அடாப்டர் போன் டப்பாவுக்குள்ளேயே வந்தால் போனோடு சேரும். தனியாக வந்தால் 8504 40.

இப்போது பணம். 10 லட்ச ரூபாய் மதிப்புள்ள சரக்கு என்று வைத்துக்கொள்வோம். அடிப்படைச் சுங்கவரி 20% என்றால் 2,00,000. அதன் மேல் பத்தில் ஒரு பங்கு சமூகநலக் கூடுதல் வரி, 20,000. சரக்கு மதிப்போடு இரண்டையும் சேர்த்த 12,20,000-க்கு 18% ஐஜிஎஸ்டி (இறக்குமதிக்கான ஜிஎஸ்டி) 2,19,600. மொத்தம் 4,39,600. அதே சரக்கு 10% வீதத்தில் என்றால் 1,00,000, 10,000, ஐஜிஎஸ்டி 1,99,800. மொத்தம் 3,09,800. அடிப்படை வரியே இல்லை என்றால் ஐஜிஎஸ்டி 1,80,000 மட்டும்.

இரண்டு வீதங்களுக்கும் வித்தியாசம் 1,29,800. ஆனால் ஜிஎஸ்டி பதிவுள்ள வியாபாரிக்கு ஐஜிஎஸ்டி உள்ளீட்டு வரவாகத் திரும்பிவிடும். அவர் கையை விட்டுப் போகும் வித்தியாசம் 1,10,000. ஒரு மருத்துவமனை நேரடியாக வரவழைத்தால் கதை வேறு. சிகிச்சைச் சேவைக்கு ஜிஎஸ்டி விலக்கு இருப்பதால் அந்த வரவு அதற்குக் கிடைக்காது, முழு 1,29,800-ம் செலவுதான். ஒரே போன், ஒரே குறியீடு, வாங்குகிறவர் யார் என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறுகிறது. வீதங்கள் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறும் என்பதால், பில் ஆஃப் என்ட்ரி போடும் நாளில் எந்த அறிவிக்கை நடப்பில் இருக்கிறது என்று பார்த்தே கணக்குப் போடுங்கள்.

இந்த வரிகள் சரியா என்பதே உலக வணிக அமைப்பில் வழக்கானது. தகவல் தொழில்நுட்பப் பொருட்களுக்கு வரி போடுவதில்லை என்று 1996-இல் சிங்கப்பூரில் உருவான ஒப்பந்தத்தில் இந்தியா 1997-இல் சேர்ந்தது. 2019-இல் ஐரோப்பிய ஒன்றியம், ஜப்பான், தைவான் மூன்றும் தனித்தனியே புகார் செய்தன. செல்போன், பேஸ் ஸ்டேஷனோடு நான் மேலே சொன்ன லைன் தொலைபேசி ரிசீவரும் ஐரோப்பியப் புகாரில் இருந்தது. இந்தப் பொருட்கள் பல அந்த ஒப்பந்தத்துக்குப் பிறகு வந்த தொழில்நுட்பம் என்பது இந்தியாவின் நிலை. 2023 ஏப்ரல் 17 அன்று நடுவர் குழு அறிக்கைகள் இந்தியாவுக்கு எதிராக வந்தன. ஜப்பான், ஐரோப்பிய ஒன்றிய வழக்குகள் இரண்டிலும் இந்தியா அதே ஆண்டில் மேல்முறையீடு செய்தது. மேல்முறையீட்டு அமைப்பு 2019 டிசம்பரிலிருந்து போதிய உறுப்பினர்கள் இல்லாமல் முடங்கிக் கிடப்பதால் விஷயம் அங்கேயே நிற்கிறது. ஜெனீவாவில் இந்தியா தோற்றுவிட்டது, அதனால் வரி கட்ட வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சுங்க அலுவலகத்தில் செல்லுபடியாவது இந்தியச் சட்டமும் அறிவிக்கையும்தான்.

சரி, குறியீட்டில் சந்தேகம் இருக்கிறது, என்ன செய்யலாம்? மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது, நமக்குச் சரியென்று பட்டதைப் போட்டுவிட்டுப் போவது. பிறகு தப்பென்று முடிவானால் வழக்கமாக 2 ஆண்டு வரை, மறைத்ததாகச் சொன்னால் 5 ஆண்டு வரை பின்னோக்கிக் கேட்பார்கள், 15% வட்டியோடு. இரண்டாவது, சுங்கச் சட்டத்தின் பிரிவு 18-இன் கீழ்த் தற்காலிக மதிப்பீடு. பத்திரமும் பிணையும் கொடுத்துச் சரக்கை எடுத்துவிடலாம், முடிவு பின்னால் வரும். சரக்கு துறைமுகத்தில் நிற்கும்போது இதுதான் உதவும், ஆனால் பிணையில் பணம் மாட்டிக்கொள்ளும். மூன்றாவது முன்தீர்ப்பு. டெல்லியிலும் மும்பையிலும் இருக்கும் ஆணையத்தில் 10,000 ரூபாய் கட்டி, சரக்கு வருவதற்கு முன்பே கேட்கலாம். மூன்று மாதத்துக்குள் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். சட்டம் மாறாத வரை அது சில ஆண்டுகளுக்குச் செல்லும்.

ஒரே தடவை இருபது போன் வரவழைப்பவருக்கு முன்தீர்ப்பு தேவையில்லாத செலவு. அதே மாடலை மாதாமாதம் வரவழைக்கும் கடைக்காரருக்கு அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ரிச்சி தெரு நண்பருக்கும் ஐபி போனுக்கு அதையே சொன்னேன். பழைய ஆர்ஜே-11 போன்களை 18-இல் போட்டோம், கேள்வி வரவில்லை. ஆனால் அவற்றுக்கு ஒரு சான்றிதழ் வேண்டும். இரட்டைக் கம்பித் தொலைபேசி, கார்ட்லெஸ், பிஏபிஎக்ஸ் (இணைப்பகம்) ஆகியவற்றுக்கு 2019 அக்டோபர் 1 முதல் தொலைத்தொடர்புப் பொறியியல் மையத்தின் சோதனைச் சான்று கட்டாயம். குறியீடு எவ்வளவு சரியாக இருந்தாலும் அந்தத் தாள் இல்லாமல் சரக்கு நகராது. ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே விற்பனையாளரிடம் அதைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.