ஒன்பது ஆண்டுகள் 'மேக்' கட்டளையோடு

எங்கள் பைப்லைன் கோப்பை (நிரலைச் சோதித்து, கட்டி, வெளியிடும் படிகளின் பட்டியல்) திறந்து பார்க்கும் புதியவர்கள் அநேகமாக ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "மீதி எங்கே?" மொத்தமே இருபது வரிதான். அதில் வேலை ஏவும் வரிகள் நான்கு: மேக் லின்ட் (நிரலின் நடையைச் சரிபார்க்க), மேக் டெஸ்ட் (சோதிக்க), மேக் பில்ட் (கட்ட), மேக் டிப்ளாய் (சர்வரில் கொண்டுபோய் ஓட்ட). மற்றதெல்லாம் மேக்ஃபைலில், அதாவது மேக் படித்து நடத்தும் விதிகளின் கோப்பில் இருக்கிறது. ஒன்பது ஆண்டுகளாக இப்படித்தான் ஓட்டுகிறேன். இடையில் சி.ஐ. சேவையை (மாற்றம் வரும்போதெல்லாம் பைப்லைனைத் தானாக ஓட்டும் சேவை) இரண்டு முறை மாற்றினோம். இரண்டு முறையும் அந்த இருபது வரியை ஒரே பிற்பகலில் மாற்றி எழுதியதோடு சரி. மேக்ஃபைலில் கை வைக்கவே இல்லை. இந்தக் கிழட்டுக் கருவியை நான் விடாமல் பிடித்திருப்பதற்கு அதுதான் காரணம். அது என்னைப் படுத்திய பாடும் கொஞ்சமல்ல.

இதற்கு முன் எல்லாம் பைப்லைனின் யாமெல் (அமைப்புகளை எழுதும் வடிவம்) கோப்பிலேயே இருந்தது. நானூறு வரி, அதில் பாதி, மேற்கோள் குறிகளுக்குள் திணித்த ஷெல் கட்டளைகள். ஒரு சிறு மாற்றம் சரிதானா என்று பார்க்க, கமிட் செய்து (மாற்றத்தைப் பதிந்து), அனுப்பி, எட்டு நிமிடம் காத்திருந்து, சிவப்பைப் பார்த்துவிட்டு, விட்டுப்போன ஒரு காற்புள்ளியைச் சேர்க்க வேண்டும். அந்தக் காலத்துக் கமிட் செய்திகள் இன்னும் இருக்கின்றன: "திருத்தம்", "மறுபடியும் திருத்தம்", "இப்போதாவது". இப்போது சர்வரில் ஓடும் அதே கட்டளையை என் கணினியிலும் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறேன்.

மேக் 1976-ல் பெல் ஆய்வகத்தில் பிறந்தது. யாக் என்ற நிரல்மொழிக் கருவியை எழுதிய ஸ்டீவ் ஜான்சன், ஏற்கெனவே சரிசெய்த ஒரு பிழையைத் தேடி ஒரு காலைப்பொழுதையே தொலைத்தாராம்: மூலக் கோப்பைத் திருத்தியிருந்தார், அது கம்பைல் ஆகியிருக்கவில்லை. அவருடைய எரிச்சலைக் கேட்ட ஸ்டுவர்ட் ஃபெல்ட்மன் எழுதியதுதான் மேக். எந்தக் கோப்பு எதைச் சார்ந்தது என்று எழுதிக் கொடுத்தால், கோப்புகளின் நேரமுத்திரையை ஒப்பிட்டு, பழையதாகிப் போனதை மட்டும் மறுபடி உருவாக்கும். கட்டளை வரிகள் டேப் எழுத்தில்தான் தொடங்க வேண்டும் என்ற அதன் பிடிவாதமும் அன்று வந்ததே. தவறு என்று உணர்ந்தபோது ஏறக்குறைய ஒரு டஜன் பேர் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள், அவர்களுக்கு இடைஞ்சல் வேண்டாமென்று விட்டுவிட்டார் ஃபெல்ட்மன். அந்தப் பன்னிரண்டு பேருக்காக இன்றும் "மிஸ்ஸிங் செப்பரேட்டர்" என்ற பிழைச் செய்தியைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். எடிட்டரில் ஒரு அமைப்பை மாற்றினால் இது தீர்ந்துவிடும். டேப் பற்றி இதற்கு மேல் புலம்ப ஒன்றுமில்லை.

உண்மையான தொல்லை வேறு. ஒரு முறை, மூன்று நாட்களாக எங்கள் டிப்ளாய் எதுவுமே போய்ச் சேரவில்லை. பைப்லைனோ முழுப் பச்சை. ஒரு பொத்தானில் இருந்த எழுத்துப்பிழையைத் திருத்திவிட்டதாகச் சொல்லியிருந்தோம். பயனர் தரப்பில் அப்படியேதான் இருக்கிறது என்றார்கள். லாக்கைத் திறந்தேன். வழக்கமாக நான்கு நிமிடம் எடுக்கும் கட்டம் ஒரு நொடிக்குள் முடிந்திருந்தது. உள்ளே ஒரே வரி: 'டிப்ளாய்' இஸ் அப் டு டேட். குழுவில் ஒருவர் ஸ்கிரிப்டுகளை ஒழுங்குபடுத்துகிறேன் என்று 'டிப்ளாய்' என்ற பெயரில் ஒரு கோப்புறை உருவாக்கியிருந்தார். மேக்கைப் பொறுத்தவரை டார்கெட்டின் (மேக்கிடம் கேட்கும் இலக்கின்) பெயர் என்பது ஒரு கோப்பின் பெயர். அந்தப் பெயரில் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது, அது எதையும் சார்ந்திருக்கவில்லை, ஆகவே செய்ய வேலையில்லை என்று பூஜ்ஜியத்தோடு (அதாவது வெற்றி என்று சொல்லி) வெளியேறிவிட்டது. கோப்புறை செய்தவரைக் குற்றம் சொல்ல முடியாது. அந்த டார்கெட்டை 'ஃபோனி' (கோப்பு அல்ல, வெறும் பெயர்) என்று அறிவிக்காமல் விட்டவன் நான். இப்போது கோப்பு அல்லாத டார்கெட் ஒவ்வொன்றும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. டிப்ளாய் முடிந்ததும், ஓடிக்கொண்டிருக்கும் பதிப்பின் கமிட் எண்ணைச் சர்வரிடமே கேட்டு ஒப்பிடும் ஒரு படியையும் சேர்த்திருக்கிறேன். பச்சை விளக்கை அப்படியே நம்புவதை அன்றோடு விட்டேன்.

நேரமுத்திரைதான் மேக்கின் உயிர்நாடி, சி.ஐ. சர்வரில் அதுவே அதன் பலவீனம். நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட், கோப்புகளின் பழைய நேரத்தைச் சேமித்து வைப்பதில்லை. புதிதாக இறக்கும்போது எல்லா மூலக் கோப்புக்கும் அந்தக் கணத்தின் நேரமே விழும். முந்தைய பில்டின் விளைவுகளைக் கேச்சிலிருந்து (அடுத்த ஓட்டத்துக்கென்று சேமித்த இடம்) பழைய நேரத்தோடு எடுத்தால், மேக் எல்லாவற்றையும் முதலிலிருந்து கட்டும். கேச் வைத்ததே வீண். நேரம் மட்டும்தான் போகும் என்பதால் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். கேச் கோப்புகள் புதிய நேரத்தோடு விரிந்தால்தான் ஆபத்து: மூலம் மாறியிருந்தாலும் விளைவு புதியதாகத் தெரியும், மேக் சும்மா இருந்துவிடும், பழைய சரக்கு வெளியே போகும். ஜான்சனின் காலைப்பொழுதைப் பாழாக்கிய அதே வியாதி. எங்களுக்கு இது ஒரு முறை நடந்தது. அதன் பிறகு பில்ட் விளைவுகளைக் கேச் செய்வதில்லை. இறக்கிய சார்பு நூலகங்களை மட்டும் வைக்கிறேன்.

இன்னொன்று, ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்குத் தரும் பைப் சமாச்சாரம். சோதனையின் வெளியீட்டை 'டீ' கட்டளை வழியாக ஒரு லாக் கோப்புக்கும் அனுப்பியிருந்தேன். பைப்பில் கடைசிக் கட்டளையின் முடிவுதான் ஷெல்லுக்கு முடிவு. சோதனை தோற்றாலும் 'டீ' ஜெயித்துவிடும். பாஷ் ஷெல்லைக் குறிப்பிட்டு, 'ஷெல்ஃப்ளாக்ஸ்' அமைப்பில் 'பைப்ஃபெயில்' (பைப்பில் எது தோற்றாலும் தோல்வி) சேர்த்தேன். சர்வரில் தோல்வி தோல்வியாகவே தெரிந்தது. என் மடிக்கணினியில் மட்டும் எதுவும் மாறவில்லை. அரை நாள் தேடிய பிறகுதான் பதிப்பைப் பார்க்கத் தோன்றியது. ஆப்பிள் கணினிகளோடு வரும் குனு மேக் 3.81, 2006-ல் வந்தது. 'ஷெல்ஃப்ளாக்ஸ்' வந்ததோ 3.82-ல். பழைய பதிப்பு அதை ஏதோ ஒரு மாறி என்று எண்ணிச் சத்தமில்லாமல் கடந்துவிடும். (ஆப்பிள் கணினியையும் தமிழில் மேக் என்றுதான் எழுதுகிறோம். 'மேக்கில் மேக் பழையது' என்று குழுவுக்குச் செய்தி அனுப்பி, விளக்கம் சொல்ல இன்னும் இரண்டு செய்திகள் அனுப்பினேன்.) இப்போது மேக்ஃபைலின் தொடக்கத்திலேயே பதிப்பைச் சரிபார்த்து, நான்குக்குக் கீழ் இருந்தால் நிறுத்திவிடுகிறேன்.

இணையாக ஓட்டுவது நன்றாகவே வேலை செய்கிறது. 'ஜே' விருப்பத்தோடு எண்ணைக் கொடுக்க மறந்துவிடாதீர்கள். மறந்தால் வரம்பே கிடையாது, சர்வரின் நினைவகம் திணறும். லாக் வரிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதற்கு 4.0 பதிப்பில் வந்த 'அவுட்புட் சிங்க்' மருந்து.

மாற்றுகளைப் பார்க்காமல் இல்லை. ஒரு சிறு திட்டத்தில் 'ஜஸ்ட்' என்ற கட்டளை ஓட்டும் கருவியைப் பயன்படுத்தினேன். டேப் தொல்லை இல்லை, ஃபோனி தொல்லை இல்லை, எழுதவும் சுகமாக இருந்தது. கட்டளைகளுக்குப் பெயர் சூட்டி வைப்பது மட்டும்தான் உங்கள் தேவை என்றால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன். எங்கள் மேக்ஃபைலில் கோப்புச் சார்புகள் உண்மையிலேயே நிறைய இருக்கின்றன. அதனால் நாங்கள் மாறவில்லை. விண்டோஸில் நேரடியாக வேலை செய்பவர்கள் குழுவில் அதிகம் என்றால், மேக்கைப் பரிந்துரைக்க எனக்கு வாய் வராது.

கடைசியாக, 'என்' விருப்பம். எதையும் செய்யாமல், செய்யப்போவதை மட்டும் அச்சிடும். டிப்ளாய் விதியைத் தொட்டால், ஓட்டும் முன் இதை வைத்து ஒரு முறை படித்துவிடுவது என் வழக்கம். இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஒரு வரியில் 'மேக்' மாறி மூலம் இன்னொரு மேக் அழைக்கப்பட்டால், 'என்' கொடுத்திருந்தாலும் அந்த வரி உண்மையாகவே ஓடும். உள்ளே அழைக்கப்படும் மேக் வெறுமனே அச்சிடும். ஆனால் அதே வரியில் அதற்கு முன் ஒட்டி எழுதியவை நிஜமாக நடந்துவிடும். எங்கள் வரியில் ஒட்டியிருந்தது பழைய வெளியீட்டுக் கோப்புறையை நீக்கும் கட்டளை. படிக்கத்தான் போனேன், கோப்புறை போய்விட்டது. இப்போது நீக்கும் கட்டளை தனி வரியில் இருக்கிறது.