பூட்டினதைச் சொல்லி ஃபுல் இன்சூரன்ஸா, பேசாமல் தேர்ட் பார்ட்டியா?

கார்க் கொம்பனியிலிருந்து வராத சாமான் பூட்டின காருக்கு யாழ்ப்பாணத்தில் மூன்று விதமாகக் காப்புறுதி எடுக்கிறார்கள். மற்றவருக்கு வரும் சேதத்துக்கு மட்டும் காசு கொடுக்கும் தேர்ட் பார்ட்டியோடு நிற்பவர்கள் ஒரு பக்கம். சொந்தக் காரின் சேதத்துக்கும் கொடுக்கும் ஃபுல் எடுத்துவிட்டு, பூட்டினதைப் பற்றி வாய் திறக்காதவர்கள் இன்னொரு பக்கம். எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்து ஃபுல் எடுப்பவர்கள் கொஞ்சப் பேர்தான். என் வாக்கு அந்தக் கொஞ்சப் பேருக்கு.

தேர்ட் பார்ட்டி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சட்டத்துக்கு அது போதும், வருடாந்த ரெவினியூ லைசென்ஸ் எடுக்கவும் போதும். உங்கள் கார் நொறுங்கினால் ஒரு சதமும் வராது. ஆகவே அலோய் வீலைச் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அந்தக் கணக்கில் மாற்றமில்லை. ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் வைத்திருந்து, வருடத்தில் நாலு கலியாணத்துக்கும் ஒரு தேருக்கும் எடுப்பவருக்கு இது பிழையான தெரிவல்ல. லீசிங் வாகனத்துக்கு இந்தத் தெரிவே இல்லை, ஃபுல் கட்டாயம்.

இரண்டாவது வழிதான் பொல்லாதது. “அண்ணை, உதெல்லாம் எழுதத் தேவையில்லை, பேந்து பாப்பம்” என்று ஏஜென்ற் சொல்வார். அந்தப் ‘பேந்து’ வருகிற நாளில் அவர் இருக்க மாட்டார், சேதத்தை மதிப்பிட வரும் அசெசர்தான் இருப்பார். காப்புறுதிக் கொம்பனி ஆபத்தை எடை போடத் தேவையான எந்தத் தகவலையும் மறைக்கக்கூடாது என்பது காப்புறுதி ஒப்பந்தத்தின் அடிப்படை விதி. பிரீமியம் முழுதாகக் கட்டியிருந்தும், மறைத்த ஒரு விசயத்துக்காகக் கிளெய்மைக் குறைக்கவோ மறுக்கவோ இடம் கொடுத்துவிடுகிறீர்கள்.

அசெசர் எதைப் பார்ப்பார்? சுசுகி வாகன்ஆர் ஒன்றை எடுங்கள். காரோடு வரும் ரயர் 155/65 ஆர் 14, வெளி விட்டம் சுமார் 557 மில்லிமீற்றர். 165/55 ஆர் 15க்கு மாறினால் 562 தான் வரும், ஒரு வீத வித்தியாசம், பிரச்சினையில்லை. அகலம் வேண்டுமென்று 185/55 ஆர் 15 போட்டால் 584க்கு மேல் போகும். மீற்றர் 60 காட்டும்போது கார் 63ல் ஓடும். ஸ்ரியரிங்கை முழுதாக வெட்டும்போது ரயர் மட்கார்ட் லைனரில் உரசும். அந்த உரசல் அடையாளம் துடைத்தாலும் போகாது. அசெசர் குனிந்து கையை உள்ளே விட்டுத் தடவினாலே தெரிந்துவிடும்.

வயறிங் இதைவிட மோசம். 120 வாற் எல்.ஈ.டி பார் 12 வோல்ற்றில் 10 அம்பியர் இழுக்கும். ஹெட்லைற் சுவிச்சின் வயரிலேயே அதைக் கொழுவினால் வயர் சூடேறி, உறை இளகி, ஒருநாள் காரின் பொடியில் முட்டிச் சோட் ஆகும். 2.5 சதுர மில்லிமீற்றர் வயர், ரிலே, பற்றரியின் பிளஸ் முனைக்குக் கிட்டவாக 15 அம்பியர் ஃபியூஸ்: இவை இருந்தால் அப்படி நடக்காது. கார் எரிந்தால் அசெசர் இந்த ஃபியூஸையும் தேடக்கூடும். ஒன்று: 2025 ஜனவரியில் பொலிஸார் அனுமதியில்லாதவை என்று வீதியில் மறித்துக் கழற்ற வைத்த வகைச் சாமான்களைப் பத்திரத்தில் எழுதினாலும் அவை சட்டபூர்வமாகிவிடாது. அவற்றைக் கழற்றிவிட்டே காப்புறுதிக்குப் போங்கள்.

இனி எல்லாவற்றையும் தீர்மானிக்கும் விசயம்: காப்புறுதித் தொகை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தது. இடையில் பாவித்த கார்களின் விலை எங்கேயோ போய்விட்டது. பலருடைய பத்திரத்தில் பழைய தொகையே கிடக்கிறது. அதற்கு மேல் சாமான் வேறு. சந்தை விலை 80 இலட்சம், பத்திரத்தில் 60 இலட்சம், திருத்தச் செலவு 4 இலட்சம் என்று வையுங்கள். சராசரி வாசகம் (தொகை குறைவாக இருந்தால் கிளெய்மும் அதே விகிதத்தில் குறையும் என்ற நிபந்தனை) உள்ள பத்திரத்தில் கணக்கு 60ஐ 80ஆல் வகுத்து வரும்: முக்கால் பங்கு, 3 இலட்சம். அதிலும் எக்ஸஸ், அதாவது ஒவ்வொரு கிளெய்மிலும் நீங்களே ஏற்கும் தொகை, கழியும். மிச்சம் உங்கள் பை. எவ்வளவு குறைவுக்கு மேல் இந்த வாசகம் பாயும் என்பது கொம்பனிக்குக் கொம்பனி வேறு, பத்திரத்தைப் பிரித்து வாசிக்க வேண்டும்.

ஆகவே காரின் பெறுமதி தனியாக, சாமான்களின் பெறுமதி தனியாக எழுதுவியுங்கள். இங்கேதான் யாழ்ப்பாணத்துக் கார்கள் இடறுகின்றன. கொழும்பு பஞ்சிகாவத்தைச் சாமான் கடைகளில் வாங்கி பஸ்ஸில் போட்டுவிட்ட சாமானுக்கு ஒரு துண்டுக் கடதாசிதான் பில். அதில் கார் இலக்கமும் இல்லை, சாமானின் மொடலும் இல்லை. வாங்கும்போதே இரண்டையும் எழுதிக் கேளுங்கள், கடை முத்திரையோடு. பூட்டின கராச்சிடம் கூலி பில் தனியாக. நம்பர் பிளேற் தெரிய நாலு மூலையிலும் படம், ஒவ்வொரு சாமானுக்கும் கிட்டப் படம். இவற்றோடு கடிதம் கொடுத்து, பிரதியில் முத்திரை வாங்குங்கள். கடைசியில் கையில் இருக்க வேண்டியது எண்டோஸ்மென்ற் பக்கம், அதாவது சாமான்களைச் சேர்த்துக்கொண்டதாகக் கொம்பனி பத்திரத்தோடு இணைத்துத் தரும் பக்கம். ஏஜென்ற்றின் வைபர் பதில் அதற்கு ஈடாகாது.

இஞ்சின் மாற்றின காருக்கு இது எதுவும் முதல் வேலையில்லை. வாகனப் புத்தகத்தில் உள்ள இஞ்சின் இலக்கமும் புளொக்கில் வெட்டியிருக்கும் இலக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். முதலில் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் மாற்றத்தைப் பதியுங்கள். லீசிங் இருந்தால் லீசிங் கொம்பனியின் கடிதமும் வேண்டும். ரேர்போ ஏற்றின இஞ்சினை எல்லாக் கொம்பனியும் ஒரே மாதிரி எடுப்பதில்லை, எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குவதே வழி.

மாரிக்கு ஒரு குறிப்பு. காற்று ஃபில்ரரைப் பம்பருக்குப் பின்னால் இறக்கிப் பூட்டின கார் முழங்காலளவு வெள்ளத்தில் தண்ணீரை இழுத்தால் கொனெக்ரிங் றொட் வளையும். நின்ற காரை மறுபடி ஸ்ராட் பண்ணினால் சேதம் கூடும், கொம்பனியும் அதையே காரணம் காட்டும். இழுத்துக்கொண்டு போங்கள்.

இரண்டாம் வருடம் மலிவென்று கொம்பனி மாறுபவர்கள் கவனிக்க: கிளெய்ம் எடுக்காததற்குக் கிடைக்கும் கழிவான நோ கிளெய்ம் போனஸ், கடிதத்தோடு கூட வரும், எண்டோஸ்மென்ற் வராது. படங்களும் பில்லும் கடிதமும் புதுக் கொம்பனிக்குத் திரும்ப முதலிலிருந்து கொடுக்க வேண்டும்.